தழையும் புழுவும் கரியும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே தெற்கு நோக்கித் திரும்பி, சிங்கப்பெருமாள்கோயில் சாலையைப் பிடித்தால் ஒரகடம். இந்தச் சாலையில் நீங்கள் பஸ்ஸில் போயிருந்தால் ஜன்னலுக்கு வெளியே என்ன பார்த்திருப்பீர்கள்? நீண்ட மதில் சுவர்கள், ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பஸ்கள், கார்களைச் சுமந்து செல்லும் டிரெய்லர் லாரிகள். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையின் வேலை தொடங்கிற்று. 1998-இல் முதல் கார் வெளிவந்தது. ஒரகடத்துக்கு 2010-இல் ரெனோ–நிஸ்ஸானும், 2012-இல் டைம்லர் லாரியும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் வந்தன. செல்போன் செய்த நோக்கியா 2006-இல் வந்து 2014-இல் மூடிவிட்டுப் போனது. எல்லாம் ஒரு தலைமுறைக்குள் நடந்தவை.

ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது கார்களை அல்ல, மதிலின் ஓரத்தை. காலை வேளையில் அங்கே தோட்ட வேலை செய்பவர் உதிர்ந்த புங்க இலைகளையும் கழித்துப் போட்ட கிளைரிசிடியாக் கிளைகளையும் குவித்துத் தீ வைப்பதைக் காணலாம். எதிர்ப்புறத்தில் விலைபோய்க் கம்பிவேலி போட்ட ஒரு மனை. அதில் ஆளுயரத்துக்கு வேலிகாத்தான். அதற்கும் அப்பால் ஓர் ஏரி. அந்த ஏரி நீர் பாய்ந்த வயல்களில் ஒரு பகுதி இப்போது மதிலுக்கு உள்ளே இருக்கிறது.

அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் ஏர் பிடித்த ஒருவர் இந்தக் காட்சியைக் கண்டால் தொழிற்சாலையைப் பார்த்துக்கூட அவ்வளவு திகைக்க மாட்டார். தழையை எரிப்பதைப் பார்த்துத்தான் திகைப்பார். ஏன் என்பதை நம் மொழியே சொல்லும். பயிருக்கு வேண்டிய மூன்று முக்கியச் சத்துக்களை உழவர் மொழியில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்கிறோம். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று நீங்கள் பள்ளியில் படிப்பவை இவைதாம். தழையை எரித்தால் சாம்பல் சத்து தரையில் நிற்கும். தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அதாவது எந்தச் சத்துக்குத் தழையின் பெயரையே வைத்திருக்கிறோமோ அதைத்தான் அந்தத் தீ முதலில் பறிக்கிறது.

செங்கற்பட்டுச் சீமை ஏரிப் பாசனச் சீமை. நடவுக்கு முன் வயலில் நீர் கட்டிச் சேறாக்கி, கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கன், வேம்பு என்று கிடைத்த தழைகளையெல்லாம் பரப்பிக் காலால் மிதித்து அமிழ்த்துவார்கள். சேற்றில் காற்றோட்டம் இல்லை. ஆகவே தழை அழுகும்போது உண்டாகும் அம்மோனியா, அம்மோனியம் என்ற உருவில் களிமண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும். நாற்று அதைக் குடிக்கும். இரசாயனம் படிக்காதவர்கள் கண்டுபிடித்த இரசாயனம் இது.

இந்தத் தழை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஊரைச் சுற்றியிருந்த புதர்க்காடுகளிலிருந்து, தலைச்சுமையாகவும் வண்டிச்சுமையாகவும் வந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் காப்புக்காடுகளாயின, தழை அறுக்க அனுமதிச் சீட்டும் கட்டணமும் வேண்டியதாயிற்று. அப்போது மாகாணத்தின் விவசாயப் பரிசோதனையெல்லாம் சைதாப்பேட்டைப் பண்ணையில் நடந்துகொண்டிருந்தது. 1865-இல் கவர்னர் டெனிசன் காலத்தில் தொடங்கிய அந்தப் பண்ணை சீமைக் கலப்பைகளிலும் எந்திரங்களிலும் காட்டிய ஆர்வத்தைத் தழையில் காட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று இன்று சொல்வது எளிது. 1889-இல் இந்திய விவசாயத்தை ஆராய வந்த இங்கிலாந்து இரசாயன அறிஞர் வோல்க்கர் மட்டும் பிரச்சினையின் வேரைத் தொட்டார். விறகு இல்லாததால் சாணம் எரிகிறது, சாணம் எரிவதால் வயல் பட்டினி கிடக்கிறது. ஆகவே ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக்காடு வையுங்கள் என்று 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் அவர் வற்புறுத்தினார்.

காடு கைவிட்டுப் போனபின் தழையை வயலிலேயே வளர்க்கும் முறை முன்னுக்கு வந்தது. சைதாப்பேட்டையிலிருந்து 1906-இல் கோயம்புத்தூருக்குப் போன விவசாயக் கல்லூரியும் வேளாண்மைத் துறையும் சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி விதைகளைப் பரப்பின. வரப்பில் கிளைரிசிடியாப் போத்து நடச் சொன்னன. இவையெல்லாம் அவரைக் குடும்பச் செடிகள். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் இவற்றின் இலை தழைச்சத்தில் பணக்கார இலை. 1971-இல் மணலியில் யூரியா உற்பத்தி தொடங்கியது. மூட்டையில் வரும் தழைச்சத்து சுலபமாக இருந்தது. தழை மிதிப்பது மெல்ல மெல்ல நின்றது.

இனி இரண்டாவது பாத்திரமான புழுவுக்கு வருவோம்.

1837-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் தம் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டுக்குப் போயிருந்தார். மாமா அவரை ஒரு புல்வெளிக்கு அழைத்துச் சென்று, சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் நிலக்கரிக் கங்கின் எச்சமும் இப்போது மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் அடுக்காகக் கிடப்பதைக் காட்டினார். யார் புதைத்தார்கள்? மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கழித்துக் கழித்து, தூவியதை மூடிவிட்டன என்பது மாமாவின் யூகம். டார்வின் அதை விடாமல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து, 1881-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பல நிலங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்பது அவர் கணக்கு. அந்தப் புத்தகத்தில் நம் நாட்டுப் புழுக்களுக்கும் இடமுண்டு. நீலகிரியிலிருந்து டாக்டர் கிங் அனுப்பிய புழுமண் கட்டிகளை டார்வின் உலர்த்தி எடைபோட்டார். மிகப் பெரியது கால் பவுண்டுக்கு மேல் இருந்தது!

புல்வெளியில் கிடந்த கரிக்கங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு தேவைப்படும்.

தழையை மட்க வைத்து எருவாக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் உருவாக்கிய முறை ‘இந்தூர் முறை’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அதில் ஒரு சிறு விதி உண்டு: பச்சைத் தழையை அப்படியே குவிக்காதே, வாட வை. பார்வைக்கு அற்பமான இந்த விதியில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

மண்புழுவைக் கொண்டு எரு செய்யும் கலை நம் பக்கத்தில் பரவியதற்குச் சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில் முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவிலிருந்து புழுவை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, நம் வரப்பிலேயே இருக்கிறது என்பது அவருடைய வாதம். அவர் எடுத்துக்கொண்ட இரண்டு புழுக்களில் ஒன்று லாம்பிட்டோ மொரிட்டி. மழை விட்ட மறுநாள் ஏரிக்கரையில் குருணை குருணையாகப் புழுமண் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூண்டில் போடும் சிறுவர்கள் அங்கேதான் தோண்டுவார்கள். அந்தப் புழுவுக்கு 1860-களில் இந்த விஞ்ஞானப் பெயரை வைத்தவர் கின்பெர்க் என்ற சுவீடன் நாட்டவர். மற்றொன்று பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். இது குப்பையின் மேலடுக்கில் வாழ்வது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் அப்பாசியும் கஜலட்சுமியும் 2000-களில் வேப்பிலையையே புழுக்களுக்கு உணவாகக் கொடுத்து எரு எடுத்தார்கள். பூச்சிகள் அஞ்சும் வேப்பிலையைப் புழு உண்ணுமா என்று சந்தேகித்தவர்களுக்கு அது நல்ல பதில்.

அப்படியானால் சணப்பையையும் கிளைரிசிடியாவையும் தொட்டியில் கொட்டிப் புழுவை விட்டால் வேலை முடிந்ததல்லவா?

முடியாது. நானே ஒருமுறை அறுத்த சூட்டோடு அகத்தித் தழையைப் புழுத் தொட்டியில் நிரப்பினேன். மறுநாள் காலையில் புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறி விளிம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கின. உள்ளே கையை விட்டால் சுட்டது; மூக்கை நீட்டினால் கண் கரித்தது. காரணம் இதுதான். வைக்கோலில் நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் கார்பன் எண்பது பங்கு போல இருக்கும். கிளைரிசிடியா இலையிலோ பன்னிரண்டு, பதினைந்து பங்குதான். நுண்ணுயிர்களுக்கு வசதியான விகிதம் இருபத்தைந்து, முப்பது. கார்பன் போதாதபோது மிஞ்சிய நைட்ரஜனை அவை அம்மோனியாவாக விட்டுவிடுகின்றன. பசுந்தழைக் குவியல் சில நாட்களிலேயே 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். எருப்புழுக்களோ 35 டிகிரிக்கு மேல் தாங்கா. அம்மோனியாவும் அவற்றின் ஈரத் தோலுக்கு நஞ்சு. சேற்று வயலில் சிறைப்பட்டிருந்த தழைச்சத்து, உலர்ந்த தொட்டியில் சுதந்திரமாக ஆகாயத்துக்குப் போகிறது. எரித்தாலும் போகிறது, குவித்தாலும் போகிறது என்றால் என்னதான் செய்வது? வாட வைத்தால் கொஞ்சம் குறையும். வைக்கோல், காய்ந்த இலை சேர்த்தால் இன்னும் குறையும். ஹோவர்டு அந்த அளவில் நின்றார்.

இங்கேதான் மூன்றாவது பாத்திரம் வருகிறது. சொல்லப்போனால் அது எப்போதோ வந்து காத்துக்கொண்டிருந்தது. ஜெர்மானிய இரசாயன மேதை லீபிக் 1840-இல் வெளியிட்ட விவசாய இரசாயன நூலில், மரக்கரித் தூள் தன் பருமனைப் போலத் தொண்ணூறு மடங்கு அம்மோனியா வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும் என்றும், நீர் பட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த அளவை முதலில் கண்டவர் அவருக்கு முந்தைய சோசூர். இவ்வளவு தெளிவான செய்தி ஏன் எருக்குழி வரைக்கும் வந்து சேரவில்லை? எனக்குத் தோன்றுவது இது: கரி விலையுள்ள எரிபொருள். அடுப்புக்குப் போதாத ஒன்றை யார் மண்ணில் கொட்டுவார்கள்? வோல்க்கர் கண்ட இந்தியாவில் சாணத்துக்கே அந்தக் கதி.

கரியைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது அமேசான் காடு. அங்கே வெளிறிய, சத்தற்ற மண்ணின் நடுவே திட்டுத்திட்டாகக் கன்னங்கரிய, வளமான மண் உண்டு. போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ‘டெரா பிரேட்டா’, அதாவது கறுப்பு மண், என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் இதைக் குறித்திருந்தாலும், டச்சு மண்ணியல் அறிஞர் சோம்புரூக் 1966-இல் அமேசான் மண்வகைகள் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகே விஞ்ஞானிகள் கூர்ந்து கவனித்தார்கள். பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் அடுப்புக்கரி, எலும்பு, மீன் முள், குப்பை எல்லாம் சேர்ந்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உண்டான மண் அது. அத்தனை காலம் கழித்தும் அதில் கரி கரியாகவே இருக்கிறது. இதில் வியப்பில்லை, அகழ்வாய்வாளர்கள் காலத்தைக் கணிக்க ஆவலோடு தேடுவதும் கரித்துண்டைத்தானே! காற்றைக் குறைத்துச் சுடும்போது மரத்தின் கார்பனில் ஒரு பகுதி நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத உருவத்தை அடைகிறது. மண்ணுக்கென்று செய்யும் இத்தகைய கரிக்கு இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பயோசார்’ என்ற பெயர் வழங்கத் தொடங்கியது. நாம் உயிர்க்கரி எனலாம்.

இப்போது டார்வினின் புல்வெளிக்குத் திரும்புங்கள். பிரெஞ்சு விஞ்ஞானிகள் டோபோலியான்ட்ஸ், போன்ழ் இருவரும் 2000-களில் பிரெஞ்சு கயானாவில் ஒரு வெப்பமண்டல மண்புழுவை ஆராய்ந்தார்கள். அது கரித்துகளை மண்ணோடு சேர்த்து விழுங்கி, அரைவைப் பையில் அரைத்து, கரிய கழிவாக வெளியிட்டதைக் கண்டார்கள். கறுப்பு மண் உருவானதில் மனிதனோடு புழுவுக்கும் பங்கிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இங்கிலாந்தில் கங்கைப் புதைத்த இனம், அமேசானில் கரியைக் குழைத்திருக்கிறது! தழையும் புழுவும் கரியும் ஒரே தொட்டியில் சேர்வதற்கு விஞ்ஞானம் எடுத்துக்கொண்ட நேரம் லீபிக்கிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல்.

சேர்ந்தால் என்ன நடக்கிறது? கரியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். நன்றாகச் சுட்ட கரி ஒரு கிராமை விரித்தால் உட்பரப்பு நூறு சதுர மீட்டருக்கு மேலும் போகும். அம்மோனியா அதில் ஒட்டுகிறது. ஈரம் தங்குகிறது. குவியல் அழுந்திப் போகாமல் இடைவெளி கிடைப்பதால் காற்று போகிறது. காற்று போனால் அழுகல் நாற்றம் குறையும். புழு உள்ளே இறங்கும். ஆனால் அதை மந்திரப் பொடியாக நினைக்க வேண்டாம். புதுக்கரியில் சாம்பல் இருப்பதால் அது காரத்தன்மை உடையது. காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாகத்தான் வெளியேறும்! உலர்ந்த கரித்தூள் புழுவின் தோலிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும்; நனைக்காத கரியைப் புழுக்கள் விலக்குவதும், நனைத்தபின் அண்டுவதும் பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே கரியை அலசி, நீரிலோ சாணிக் கரைசலிலோ சில நாள் ஊற வைத்தே சேர்க்க வேண்டும். அளவும் முக்கியம். பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கரி எந்த மரம், எவ்வளவு சூட்டில் வெந்தது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. சில பரிசோதனைகளில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தழையையே கரியாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. சுடும்போது தழைச்சத்தில் பெரும்பகுதி போய்விடும்; பழைய தவறே புது வேடத்தில் வரும். கட்டையைத்தான் கரியாக்க வேண்டும். தழையைப் புழுவிடம் கொடுக்க வேண்டும்.

கட்டைக்கு இந்தப் பகுதியில் பஞ்சமா? வேலிகாத்தான் என்று இங்கே சொல்லும் சீமைக்கருவேலம், விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காக 1870-களின் பிற்பகுதியில் ஜமைக்காவிலிருந்து விதையாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. வோல்க்கர் கேட்ட விறகுக்காடு, யாரும் கேட்காத வேகத்தில் ஏரிக்குள்ளும் தரிசிலும் பரவிவிட்டது. இராமநாதபுரம் மாவட்டத்தில் இதை மூட்டம் போட்டுக் கரி சுடுவது பெரிய தொழில். பெரிய கட்டிக் கரிக்கு விலை உண்டு. சலித்துக் கழிக்கும் தூளுக்கு மதிப்பில்லை. நமக்கு வேண்டியது அந்தத் தூள்தான். உங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மூட்டையின் அடியில் தங்குவதைக் கொடுப்பார். அடுப்பில் மிஞ்சும் வெள்ளைச் சாம்பல் வேறு, கரித்தூள் வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரங்களும் உதிரி பாகங்களும் வந்து இறங்கும் மரப் பெட்டிகளும் மரத் தட்டுகளும் இங்கே மலைபோல் குவிகின்றன. இலவசக் கட்டைதானே என்று அவற்றைக் கரியாக்கத் தோன்றும். வெளிநாட்டிலிருந்து வரும் மரத்தில் முத்திரை குத்தியிருக்கும். ‘எச்.டி.’ என்றால் சூட்டில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் புகைபோட்டது. பெயிண்ட் அடித்த மரமும், பசை போட்டு ஒட்டிய பிளைவுட்டும், எண்ணெய் ஊறிய பலகையும் எருவுக்கு ஆகா. அவற்றில் உள்ள உலோகம் கரியிலும் தங்கும், புழுவின் உடலிலும் சேரும்.

தொழிற்சாலை வளாகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலம் மரம் செடிகளுக்கு விடப்பட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியின் வழக்கமான நிபந்தனை. அப்படியானால் தழைக்குக் குறைவே இல்லை. நிழலுள்ள ஒரு மூலையும் நான்கு சிமெண்டுத் தொட்டிகளும் போதும். தீக்குச்சி அதைவிட மலிவு என்பதுதான் சிக்கல். மதிலுக்கு வெளியே இன்னும் நெல் நடுபவர்கள் இருக்கிறார்கள். செம்மண்ணும் மணலும் கலந்த அவர்கள் வயலில் மட்கு மிகக் குறைவு. மாடும் குறைந்துபோனதால் சாணமும் குறைவு. உள்ளே எரியும் தழை வெளியே எருவாகப் போனால் இரு தரப்புக்கும் நஷ்டமில்லை.

நீங்கள் மாணவராக இருந்தால் இதை நம்பிவிட வேண்டாம், செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு மண்பானைகளை எடுத்து, அடியில் துளையிட்டு நிழலில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நாள் வாட வைத்து நறுக்கிய கிளைரிசிடியா அல்லது அகத்தித் தழை இரண்டு கிலோ, ஆறிய பழஞ்சாணம் ஒரு கிலோ போடுங்கள். ஒன்றில் மட்டும், நீரில் ஒரு வாரம் ஊறிப் பிழிந்த கரித்தூள் இருநூறு கிராம் கலந்துவிடுங்கள். கை பட்டால் குளிர்ச்சியாக இருக்கும் வரை, பத்துப் பதினைந்து நாள், புழு விட வேண்டாம். இடையில் இரண்டு முறை கிளறுங்கள். பிறகு இரண்டிலும் சம எண்ணிக்கையில் புழு விட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள். நாற்பத்தைந்து நாள் கழித்துப் புழுக்களையும், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் முட்டைக் கூடுகளையும் எண்ணுங்கள்.

அம்மோனியாவைப் பார்ப்பது எப்படி? வடிகட்டும் தாளை மஞ்சள் தூள் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்திக்கொள்ளுங்கள். அதில் ஒரு துண்டை நனைத்து, முதல் வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில், சாக்குக்கு அடியில் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். அம்மோனியா இருந்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். எந்தப் பானையின் தாள் அதிகம் சிவக்கிறது என்று உடனே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். தாளைக் காற்றில் வைத்துவிட்டால் அம்மோனியா பறந்து, நிறம் திரும்பவும் மஞ்சளாகிவிடும்.